கிரேனில் தொங்கிய ரம்புட்டான் மாலை

கல்யாணப் பெண் தலை குனிந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து எதிர்பார்ப்பு. நான் என் கல்யாணத்தில் பாதி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆல்பத்தைப் புரட்டிய ஒரு அக்கா, "அன்னைக்கு உனக்குக் கழுத்து சுளுக்கியிருந்துதா?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

சுளுக்கு இல்லை, தொழில். தென்காசியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம் எழும்பும் இடத்தில் நான் பாதுகாப்புப் பொறியாளர். காலையில் கிரேனின் கொக்கி, கம்பிக் கயிறு, பெல்ட், பிரேக் எல்லாவற்றையும் பார்த்து நான் சரி என்று சொன்ன பிறகுதான் ஆபரேட்டர் ஏறி உட்காருவார். இந்தப் பார்க்கிற புத்தி வேலை முடிந்ததும் ஹெல்மெட்டோடு கழன்று போய்விடுவதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் காபி வருவதற்குள் கேஸ் டியூபைத் தடவிப் பார்த்துவிடுவேன் (இதனாலேயே சில வீடுகளில் எனக்குக் காபி கிடைப்பதில்லை). முத்துக்குமார் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போனதும், "மாப்பிள்ளைய நல்லா பாத்தியா?" என்று அம்மா கேட்டார். "அவரு தலைக்கு மேல ஃபேன் ஆடுச்சும்மா, அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். அந்தக் கவலையையே அம்மா சம்மதமாக எடுத்துக்கொண்டு தேதி குறித்துவிட்டார்.

முத்துக்குமார் ராணுவத்தில் இருக்கிறார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துபோக, அவரைத் தூக்கி வளர்த்தது அவருடைய தாய்மாமா வேலாயுதம். திருவேங்கடம் பக்கம் பருத்தி, மக்காச்சோளம் போடுகிற மனிதர். அவருக்கு மாமா என்றால் எனக்கு முறைப்படி சித்தப்பா. நல்ல உயரம், நல்ல மீசை, போனில் பேசினால் போனே தேவையில்லாத குரல்.

இந்தச் சித்தப்பாவுக்கு ஒரு ஆசை. பல வருடங்களுக்கு முன் தன் அக்கா கல்யாணத்தில் அவர் வாங்கிவந்த மாலை மெலிந்திருந்தது என்று மாப்பிள்ளை வீட்டில் யாரோ சிரித்துவிட்டார்களாம். அந்த அக்காவின் மகன் கல்யாணத்தில் தான் போடும் மாலையை ஊரே அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்திருக்கிறார். இப்போதுதான் தலைவர்களுக்கெல்லாம் கிரேனில் ஆள் உயர மாலையைத் தொங்கவிடுகிறார்களே, அதுபோல ஒன்று. ஆனால் ஆப்பிளில் வேண்டாம் என்றுவிட்டார்.

"ஆப்பிள் மாலை எல்லாப் பயலும்தான் போடுதான். குத்தாலத்துல கல்யாணம், சீசன் நேரம். ரம்புட்டான்ல கட்டுங்கலே!"

கட்டினார்கள். கொத்துக் கொத்தாக, சிவப்புச் சிவப்பாக, தூக்குவதற்கு ஆறேழு பேர் வேண்டியிருந்த ஒரு மாலை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் ரகசியமாக நடந்தது. பெண்ணுக்கு இன்ப அதிர்ச்சி தருகிறார்களாம்.

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் மண்டபம். ஆனி மாதம். சாரல் தெறித்துக்கொண்டிருந்தது, காற்று வாசல் வாழைமரங்களைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்து ஆசீர்வாதமெல்லாம் வாங்கிய பிறகு, "வெளிய வாங்க, மாமா மாலை போடப் போறாரு" என்று எங்களைக் கூட்டிப்போனார்கள். வாசலுக்கு எதிரே சிவப்பு வெல்வெட் போட்ட இரண்டு ராஜா நாற்காலிகள். அதற்குப் பின்னால், மஞ்சள் நிறத்தில், சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு கிரேன்.

எல்லோரும் மாலையைப் பார்த்தார்கள். நான் கொக்கியைப் பார்த்தேன்.

கொக்கியின் வாயில் ஒரு லாக் இருக்க வேண்டும். சுமையைக் கட்டி மாட்டிய பெல்ட் துள்ளினாலும் நழுவி வெளியே வராமல் தடுப்பது அதுதான். அந்த இடத்தில் லாக் இல்லை. மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். பெல்ட்டின் ஓரம் பிய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. மாலை ஆடாமல் இருக்க ஒரு கயிறு கட்டி யாராவது பிடித்திருக்க வேண்டும், அதுவும் இல்லை. கீழே பிள்ளைகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நின்ற கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். "கொக்கியில லாக் இல்ல."

"ரெண்டு நிமிஷந்தான் செல்வி. மாமா ரொம்ப ஆசப்பட்டாரு."

தாலி ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கணவரை வளர்த்த மனிதரின் வாழ்நாள் ஆசையை, அவருடைய சொந்தபந்தம் மொத்தமும் பார்க்க, வந்ததும் வராததுமாக நான் கெடுக்க வேண்டுமா? வாயை இறுக்க மூடிக்கொண்டேன். மாலை மேலே எழுந்தது. மெல்ல நகர்ந்து நாற்காலிகளுக்கு நேர் மேலே வந்தது. "உக்காருங்க, உக்காருங்க" என்றார்கள். கணவர் நாற்காலியை நோக்கி நடந்தார். அந்த நேரம் பார்த்து மலைப்பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. மாலை ஊஞ்சல் மாதிரி ஆடியது.

வாய் மூடித்தான் இருந்தது. கைகள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

கிரேனை உடனே நிறுத்து என்பதற்கு ஒரு சைகை உண்டு. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, உள்ளேயும் வெளியேயும் வேகமாக வீச வேண்டும். சைட்டில், ஹெல்மெட்டும் பூட்ஸுமாக இதைச் செய்தால் கம்பீரமாக இருக்கும். பட்டுச்சேலை, ஜடை அலங்காரம், முழங்கை வரை வளையலோடு செய்தால் எப்படி இருக்கும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை.

"ஏலே, பொண்ணு ஆடுதுலே!" என்று ஒருவன் கத்தினான்.

விசில் பறந்தது. மேளக்காரர்கள் நல்லவர்கள், மணப்பெண்ணைக் கைவிடுவார்களா, அடியை மாற்றிக் குத்தாட்டத்துக்கு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆபரேட்டர் கவனிக்கவில்லையோ என்று நான் இன்னும் வேகமாகக் கையை வீச, கூட்டம் வட்டம் கட்டியது. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் எதிரில் வந்து எனக்கு ஜோடியாக ஆடவே தொடங்கிவிட்டார்.

அத்தனை பேரில் என்னைப் புரிந்துகொண்டவர் ஆபரேட்டர் ஒருவர்தான். சட்டென்று நிறுத்தினார். சாவியையும் திருப்பி அணைத்துவிட்டு இறங்கி நின்றார். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யாருல நிப்பாட்டச் சொன்னது?"

"பொண்ணுதான் அண்ணாச்சி. எமர்ஜென்சி சிக்னல் குடுத்துட்டாவ."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "டான்ஸுன்னுல்லா நெனச்சேன்!"

இந்த இடத்தில் புத்தியுள்ள பெண் என்ன செய்திருப்பாள்? அவரைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, பக்குவமாகச் சொல்லியிருப்பாள். நானோ சைட் குரலில் முழங்கினேன். "இந்த கிரேன் ஃபெயில்! யாரும் கீழ நிக்கக் கூடாது! எல்லாரும் பின்னால போங்க!" அதோடு நிற்காமல் மேடை அலங்காரத்தில் மிஞ்சிக் கிடந்த ரிப்பனை எடுத்துவந்து, ஒரு வாழைமரத்திலிருந்து இன்னொரு வாழைமரத்துக்குக் கட்டி, நாற்காலிகளைச் சுற்றித் தடுப்பும் போட்டேன்.

"ஏட்டி, மானம் போவுதுட்டி" என்று அப்பா பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு வந்தார்.

"இறக்கிருங்கண்ணே" என்று ஆபரேட்டரிடம் சொன்னேன். அவர் ஏறி சாவியைத் திருப்பினார். கிரேன் இருமியது. மறுபடி திருப்பினார். அதுவும் இல்லை. "செல்ஃப் எடுக்கலம்மா" என்றார். மாலை அந்தரத்தில் நின்றுவிட்டது.

சித்தப்பா ரிப்பனுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். குரல் இறங்கியிருந்தது. "மக்கா, உன் புருசன நான் தோள்ல போட்டு வளத்தவன். அவன் தலையில நான் எதையும் போட்ருவேனா?"

"நீங்க போட மாட்டீங்க சித்தப்பா. கொக்கிக்கு அது தெரியாதுல்லா" என்றேன். சொன்ன மறுநிமிடமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. அத்தனை பெரிய மீசைக்கு மேல் கண்ணீரைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போதுதான் குரங்குகள் வந்தன.

குற்றாலத்தில், சீசனில், திறந்த வெளியில், ஒரு மண்டப வாசல் முழுக்கத் தெரிகிற மாதிரி ரம்புட்டானைத் தொங்கவிட்டிருக்கிறோம். வராவிட்டால்தான் ஆச்சரியம். முதலில் ஒன்று மண்டபக் கூரையில் உட்கார்ந்து நிலவரம் பார்த்தது. பிறகு குடும்பமாக வந்தார்கள். கிரேன் கையில் ஏறி, கம்பிக் கயிற்றில் வழுக்கி, மாலையில் இறங்கிப் பந்தி போட்டு உட்கார்ந்தார்கள். உரித்து எறிந்த தோல் ரிப்பனைத் தாண்டிப் போய் சம்பந்திகள் தலையில் விழுந்தது. ஒரு தாட்டியான குரங்கு பெரிய கொத்து ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வரவில்லையே என்று இரண்டு காலையும் உந்தித் தொங்கித் தொங்கிக் குலுக்கியது. பெல்ட் துள்ளியது. கொக்கியின் வாய் திறந்தே இருந்தது.

மாலை விழுந்த சத்தம் வேட்டுச் சத்தம் போல இருந்தது. குரங்குகள் எப்படியோ தாவித் தப்பிவிட்டன. கூட்டம் 'ஓ' என்று சிரித்தது. ரம்புட்டான் உருண்டோடிய பிறகு நாற்காலிகள் கண்ணில் பட்டன. ஒன்றுக்குக் கால் இல்லை. இன்னொன்றுக்கு முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. அது மாப்பிள்ளைக்குப் போட்டது. சிரிப்பு நின்றது.

சித்தப்பா அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சாப்பிடாமல், பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். மறுநாள் ஊர் முழுக்கச் சுற்றியது நாற்காலி படம் அல்ல, நான் ஆடிய வீடியோ. பூக்கடையில்கூட, "நல்லா ஆடுனீங்கம்மா" என்று பாராட்டினார்கள். எங்கள் சைட் இன்ஜினியர் வீடியோவை இரண்டு முறை பார்த்துவிட்டுக் கேட்டார். "நிறுத்துனது சரி. ஆளுங்கள ஒதுக்கிட்டு, மாலைய ஓரமா மெதுவா இறக்கச் சொல்லிருக்கலாம்லா? ஏன் அந்தரத்துலயே நிறுத்துன?" அதைச் செய்திருந்தால் சித்தப்பா தன் கையாலேயே ஆளுக்கொரு கொத்து பறித்துக் கொடுத்துப் பெருமைப்பட்டிருப்பார்.

புது ஜோடியை விருந்துக்கு அழைப்பது வழக்கம். எல்லோரும் அழைத்தார்கள், திருவேங்கடத்திலிருந்து மட்டும் அழைப்பு வரவில்லை. கணவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சாயங்காலமானால் போனை எடுத்து மாமா பெயரைப் பார்ப்பார், திரும்ப வைத்துவிடுவார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது எனக்கு. அப்பா இல்லாத மனிதருக்கு இருந்த ஒரே அப்பாவையும் பிரித்துவிட்டேனே என்று குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

கணவரின் விடுப்பு முடியப்போகிற சமயத்தில் சித்தப்பாவிடமிருந்து போன் வந்தது. "நாளைக்கு ரெண்டு பேரும் சாப்பிட வாங்க." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

போகும் வழியெல்லாம் ஒரே வைராக்கியம். அந்த வீட்டில் எதையும் பார்க்கக் கூடாது. கூரை இடிந்தாலும் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட வேண்டும்.

சித்தப்பா வாசலிலேயே நின்றார். "சாப்பாடு கெடக்கட்டும். மக்கா, நீ இங்கன வா" என்று என்னைத் தன் பருத்திக்காட்டுப் பக்கம் கூட்டிப்போனார். கணவர் பதறிப் பின்னால் வந்தார். அங்கே கிணற்றை ஆழப்படுத்தும் வேலை. பாறையை அள்ளி மேலே கொண்டுவரவும், ஆட்களை உள்ளே இறக்கவும் கிணற்றோரம் ஒரு கிரேன் நட்டிருந்தார்கள். வேலையாட்கள் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"காலையில இருந்து ஒருத்தனையும் உள்ள இறக்கல" என்றார் சித்தப்பா. "எம் மவ வந்து பாத்துட்டுச் சொல்லட்டும்னுட்டேன்."

அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த நாக்காலிதான் கண்ணுக்குள்ளயே நிக்கி மக்கா. எத்தன வருசமா இவனுவள இந்தக் கயித்துலதான் கீழ இறக்குதேன். எல்லாம் பிள்ளகுட்டிக்காரனுவ. ஒருநாளாவது கயித்த நான் பாத்திருக்கேனா?"

சேலையைச் செருகிக்கொண்டு போய்ப் பார்த்தேன். கம்பிக் கயிற்றில் ஓரிடத்தில் புரிகள் அறுந்து முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. இந்த முறை அவர் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, "இது வேண்டாம் சித்தப்பா, மாத்திருவோம்" என்றேன்.

அவர் என்னைவிடப் பெரிய சைட் குரலில் திரும்பினார். "ஏலே, கிரேன் ஃபெயில்! புதுக் கயிறு வந்த பெறவுதான் வேலை! எல்லாரும் சாப்பிட வாங்க!" வேலையாட்களோடு ஒரே பந்தியில் எங்களை உட்கார வைத்து, அவரே பரிமாறினார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகச் சாப்பிட்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரியும், காரம் என்று சொல்லிவிட்டார்.

அதிலிருந்து அந்த வட்டாரத்தில் யார் கிணறு வெட்டினாலும் சித்தப்பா விடுவதில்லை. "எம் மவ ஒருதரம் பாத்துரட்டும்" என்று எனக்குப் போன் போட்டுவிடுகிறார். நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கணவர் விடுப்பில் வந்தால் பைக்கில் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. ரெஜிமென்ட் நண்பர்கள் போன் செய்து, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா, வீட்டுக்காரியோடு தினமும் குளியலா என்று கேட்கும்போதெல்லாம் எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்வார்.

"அட நீ வேற. ஊருல அவனவன் பொண்டாட்டிய அருவிக்குக் கூட்டிட்டுப் போறான். நான் கெணறு கெணறா கூட்டிட்டு அலையுதேன்."