என் வீட்டு டிவியில் சம்பந்தி வாங்கிய குத்து

கும்பகோணம் பாத்திரக்கடை முதலாளியும், எங்கள் மருமகள் குந்தவையைப் பெற்று எங்களுக்குக் கொடுத்த புண்ணியவானுமாகிய மரியாதைக்குரிய சம்பந்தி சாரங்கபாணி அவர்களின் சமூகத்துக்கு, திருவையாற்றுக்கு மேற்கே ஆற்றங்கரையிலிருந்து பஞ்சநதம் கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தியம்மாளும் தம்பி பிரபுவும் சகல சௌபாக்கியத்துடன் இருக்க ஐயாறப்பனை வேண்டுகிறேன். இவ்விடம் அனைவரும் நலம் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். நிஜத்தில் நலமில்லை.

நான் போன் அடித்தால் முழு மணியும் அடித்து ஓய்கிறது. என் வீட்டுக்காரி பிரகதாம்பாள் போனிலிருந்து அடித்தேன். "அலோ" என்று கணீரென்று வந்தது உங்கள் குரல், நான் "சம்பந்தி" என்று வாயைத் திறந்ததும் லைன் போய்விட்டது. குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பைப் பார்த்தால் தாங்கள் வெளியேறிவிட்டதாகப் போட்டிருக்கிறது. அந்த குரூப்பில் தினமும் விடிகாலையில் தாமரைப்பூ போட்டு காலை வணக்கம் அனுப்புகிறவர் நீங்கள் ஒருத்தர்தான். நான்கூட ஒருதரம், "எத்தனை பூ சம்பந்தி, போனே ரொம்பிடுச்சு" என்று சலித்துக்கொண்டேன். இப்போது போனைத் திறந்தால் வெறிச்சென்று இருக்கிறது. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால் வந்தால் நீங்கள் பிரிக்காமல் இருக்க மாட்டீர்கள், ஜிஎஸ்டி நோட்டீசாக இருக்குமோ என்ற பயம் உங்களுக்கு எப்போதும் உண்டு என்று எனக்குத் தெரியும்.

நடந்தது என்னவென்றால், எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, தினமும் நடங்கள் என்று டாக்டர் சொன்னார். நடந்தேன். நம்ம பக்கத்தில் ஒரு மனுஷன் நிம்மதியாக நடந்து போக முடியுமா, நீங்களே சொல்லுங்கள். "என்னண்ணே, வண்டி ரிப்பேரா?" என்று ஆளாளுக்கு பைக்கை நிறுத்தி ஏறச் சொல்கிறார்கள். ஏறாவிட்டால் கோபம் வருகிறது. ஏறினால் நேரே டீக்கடையில் இறக்கி, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கையில் டீயும் வடையும் கொடுத்துவிடுகிறார்கள். நடக்கப் போன வகையில் சர்க்கரை இன்னும் ஏறியதுதான் மிச்சம். இதைக் கேள்விப்பட்ட உங்கள் மகள், "மாமா, நீங்க வெளியிலயே போகாதீங்க, வீட்டுக்குள்ளயே ஆடுங்க" என்று, சிங்கப்பூரில் தான் வைத்திருந்த பழைய விளையாட்டுப் பெட்டியை ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்தனுப்பினாள். அதை டிவியோடு மாட்டிவிட்டு, ரிமோட் மாதிரி ஒரு குச்சியைக் கையில் பிடித்து வீசினால், டிவிக்குள் நம்ம பொம்மை மட்டையை வீசும். பந்து கிடையாது, வலை கிடையாது, வெறும் கையை வீசினால் போதும், வேர்த்துக் கொட்டுகிறது.

பொம்மை என்று சொன்னேன் அல்லவா, வினையே அங்கேதான். குந்தவை கல்யாணமாகிப் போன புதிதில், நம்மையெல்லாம் பார்க்க வேண்டும்போல இருக்கும்போதெல்லாம், அந்தப் பெட்டிக்குள் நமக்கு ஆளுக்கொரு பொம்மை செய்து வைத்திருக்கிறாள். உங்களை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள் சம்பந்தி! அந்த வழுக்கை, அதன்மேல் ஒரு பளபளப்பு, மூக்குக்குக் கீழே அந்த மீசை, கண்ணாடி, எல்லாம் இருக்கிறது. மற்றவர்களுக்கு வயிற்றைக் கொஞ்சம் குறைத்துச் செய்தவள், உங்களுக்கு மட்டும் உள்ளது உள்ளபடி செய்திருக்கிறாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பாராட்டித்தான் சொல்கிறேன்.

ஆரம்பத்திலிருந்தே எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ராசி சரியில்லை. குச்சியில் ஒரு வார் இருக்கிறது, அதைக் கையில் மாட்டிக்கொள் என்று டிவியிலேயே படம் போட்டுக் காட்டுகிறான். உர மூட்டை தூக்குகிற கைக்கு வார் எதற்கு என்று விட்டுவிட்டேன். பந்து உருட்டுகிற ஆட்டத்தில் ஓங்கி ஓர் உருட்டு உருட்டினேன், பந்து டிவிக்குள் போனது, குச்சி அலமாரிக்குப் போனது. கல்யாணச் சீரில் நீங்கள் கொடுத்த பித்தளைக் குடத்தின் வயிற்றில் ஒரு நசுங்கல். வேறு கடைக் குடமாக இருந்தால் ஓட்டையே விழுந்திருக்கும், உங்கள் கடைச் சரக்கு என்பதால் நசுங்கலோடு போயிற்று. நசுங்கின பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம். இதை உங்களிடம் சொல்லவே கூடாது என்று இருந்தேன், பேச்சு வாக்கில் வந்துவிட்டது. இன்னொரு ஆட்டம் இருக்கிறது, ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லி, சாயச் சொல்லி, கடைசியில் உடம்புக்கு என்ன வயசு என்று சொல்லும். அறுபத்திரண்டு வயசுக்காரனாகிய எனக்கு எழுபத்தொன்பது என்றது. பிரகதாம்பாளுக்கு முப்பத்து நாலு என்றது. அன்றைக்குப் பிடித்தது சனி. ரேஷன் கடை வரிசையில் போய்ச் சொல்லியாகிவிட்டது. கூடத்தைப் பெருக்கும்போது என்னைப் பார்த்து, "பெரியவரே, கொஞ்சம் காலைத் தூக்கிக்குங்க" என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியில் குத்துச்சண்டை என்று ஓர் ஆட்டம் இருக்கிறது. அதில் எதிராளி யார் என்பதில் நமக்கு ஒரு பங்கும் கிடையாது. ஐயாறப்பன் சாட்சியாகச் சொல்கிறேன், மெஷினே தன் இஷ்டத்துக்கு ஒரு பொம்மையைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தும். நிறுத்தின ஆளை நாம் குத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் நம்மைக் குத்துவார். பொங்கலுக்கு முந்தின நாள் அது உங்களைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. நான் என்ன செய்ய முடியும்? தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அறுவடை மெஷின் என்றைக்கு நம்ம வயலுக்கு வரும் என்று சொல்லிவிட்டுப் போக வந்த ஏஜென்ட் யூனுஸ், எந்த வேலையாக வந்தாலும் டிவியைக் கண்டால் உட்கார்ந்துவிடுகிற ஆள், அன்றைக்கு உட்காரக்கூட இல்லை, எழுந்து நின்றுகொண்டு, "விடாதீங்கண்ணே! மீசை மேலயே போடுங்க! வழுக்கையைப் பாத்து ஒண்ணு போடுங்க!" என்று ஒரே சத்தம். பிரகதாம்பாள் கையைத் தட்டுறா. நானும் அந்த வேகத்துல, "வாடா என் பித்தளை!" அப்படின்னு ஏதோ சொல்லித் தொலைச்சுட்டேன். சத்தியமா அது பொம்மையைச் சொன்னது சம்பந்தி.

அந்த நேரம் பாத்தா நீங்க கரும்புக் கட்டைத் தோள்ல வெச்சுக்கிட்டு வாசப்படியில வந்து நிக்கணும்? பொண்ணு கடல் தாண்டி இருந்தாலும் பொங்கல் சீர் புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேரணும்னு, வருஷம் தவறாம குட்டியானை வண்டி பிடிச்சு, வாழைத்தாரும் மஞ்சக்கொத்துமா நீங்களே வந்து இறக்கிவைக்கிற மனுஷன். அப்படி வந்த மனுஷனை "வாங்க"ன்னு கேக்க வீட்டுல ஒரு நாதி இல்ல. எல்லாரும் டிவியைப் பாத்துக்கிட்டு நிக்கறோம். வாங்கன்னு கேக்காததைக்கூட மன்னிக்கலாம், அவரோட மூஞ்சியில அவரோட கண்ணு முன்னாலயே குத்து மேல குத்தா விழுந்தா யாருக்குத்தான் பொறுக்கும்? நீங்க கரும்பைச் சுவத்துல சாத்துன சத்தம் கேட்டுத்தான் நான் திரும்பினேன். பிரகதாம்பாள் சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள, பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாம, நீங்க வாசலைத் தாண்டிட்டீங்க.

நான் உங்க பின்னாலயே ஓடி வந்தேன். அது உங்களைச் சமாதானம் பண்ண ஓடி வந்தது. ஆனா கையில அந்தக் குச்சி இருந்துச்சே! குடம் நசுங்கினதுலேருந்து வாரைக் கையில இறுக்கி மாட்டிக்கிற பழக்கம், அவசரத்துல கழட்ட வரல. தலையில துண்டு, கையில குச்சி, "நில்லுங்க, நில்லுங்க!"ன்னு கத்திக்கிட்டு ஒருத்தன் ஓடி வந்தா, குட்டியானை டிரைவர் என்ன நெனைப்பான், வண்டியை எடுத்துட்டான். அதுவும் போகட்டும்னு பாத்தா, நான் இங்க கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட, அந்த ஆட்டத்துல வீட்டுக்குள்ள டிவியில என் பொம்மை உங்க பொம்மையைக் குத்திக்கிட்டே இருந்திருக்கு. நீங்க வண்டியில ஏறிக் கதவைச் சாத்தற நேரத்துல, உள்ளேயிருந்து யூனுஸ் தெரு பூரா கேக்கற மாதிரி, "சம்பந்தி விழுந்துட்டாரு! சம்பந்தி விழுந்துட்டாரு!"ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, எதிர்வீட்டுக்காரங்க நெசமாவே யாரோ விழுந்துட்டாங்கன்னு தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வந்தாங்க. யூனுஸ் மறுநாள் வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு. "சம்பந்தி காலிலயே வந்து விழறேண்ணே, அவரு மறுபடி விழுந்துட்டாருன்னு மட்டும் யாரும் சொல்லாம பாத்துக்குங்க"ன்னு கண்ணு கலங்கிட்டாரு.

இப்ப என் கவலை என்னன்னு சொல்லிடறேன் சம்பந்தி. வர்ற மாசியில நம்ம பேத்திக்குக் காது குத்து. உங்க மாப்பிள்ளை இளஞ்செழியன் லீவு போட்டாச்சு, பிளேன் டிக்கெட் எடுத்தாச்சு. தாய்மாமன் மடியில உக்கார வெக்காம ஒரு குழந்தைக்குக் காது குத்தினதா நம்ம ஜில்லாவுல எங்கயாவது கேட்டிருக்கீங்களா? ஆசாரி ஊசியைக் கையிலயே எடுக்க மாட்டாரு. பிரபுவுக்குப் போன் பண்ணினா, "அப்பா வரலைன்னா நான் மட்டும் எப்படி மாமா வர்றது?"ன்னு தயங்குறாரு. பிள்ளையைக் குத்தம் சொல்ல முடியாது, நல்ல வளர்ப்பு. குந்தவை நேத்துப் போன்ல, "அப்பா ஏன் மாமா குரூப்பை விட்டுப் போயிட்டாங்க? என்கிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க"ன்னு கேட்டா. டவர் சரியில்லம்மான்னு சொல்லி வெச்சேன். அந்தப் பொண்ணு வந்து இறங்கினதும் முதல்ல உங்களைத்தான் தேடும். நான் என்ன சொல்லுவேன்? உங்கப்பனைக் குத்தி விரட்டிட்டேன்னு சொல்லவா? எனக்குச் சோறு எறங்கல சம்பந்தி. நீங்க வந்து என்னை நாலு திட்டுத் திட்டினாலும் கேட்டுக்கறேன். வராம இருந்துடாதீங்க.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி, நடந்ததை மெஷின் செய்த குற்றமாகப் பாவித்து, குடும்பத்தோடு முன்கூட்டியே வந்திருந்து விழாவை நடத்திக் கொடுக்க வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். தம்பி பிரபுவுக்கு என் ஆசி, அவர் மடிக்கும் என் ஆசி. தங்கள் வியாபாரம் மேலும் மேலும் பெருகட்டும்.

தங்கள் பாசத்துக்கு ஏங்கும்,
பஞ்சநதம்

பின்குறிப்பு: அண்ணே, நான் பிரகதாம்பாள் எழுதறேன். கவரை ஒட்டித் தபால்ல போடச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு. ஒட்டறதுக்கு முன்னால படிச்சேன், நல்லதாப் போச்சு. மெஷின் ஆளை நிறுத்துதுங்கறது சுத்தப் பொய், சாமி பேர்ல சத்தியம் வேற. எதிராளியை நாமதான் பொறுக்கி எடுக்கணும். தெனமும் உங்களைத்தான் எடுக்கறாரு. டென்னிஸ்னா நீங்கதான் ஜோடி. "சம்பந்தி, விட்றாதீங்க, அந்தப் பக்கம் வருது பாருங்க"ன்னு பேசிக்கிட்டே ஆடறாரு. நடுவுல நிறுத்தி, இந்தத் தடவை உளுந்து போடலாமா வேண்டாமான்னு டிவியைப் பாத்து யோசனை கேக்கறாரு. ஜெயிச்சா அன்னிக்குப் பூரா நல்ல மனுஷனா இருப்பாரு. பொங்கலுக்கு முந்தின நாள் உங்க பொம்மை பந்தை விட்டுடுச்சு, ஆட்டம் தோத்துப் போச்சு. அந்தக் கோவத்துலதான் உங்களைக் குத்துச்சண்டைக்கு இழுத்தாரு. நீங்க போன நாள்லேருந்து பெட்டியைத் துண்டு போட்டு மூடிட்டாரு. நான் வேற யாரையாவது வெச்சு ஆடுங்கன்னா, "வேற யாரு இருக்கா?"ன்னு கேட்டுட்டு வெளியில போயிடறாரு.

அண்ணிகிட்டயும் பேசினேன். குத்துனதுகூட உங்களுக்குப் பெரிசில்லையாம், அந்த ஆள்கிட்ட நான் குத்து வாங்கி விழுந்தேன்னு தெருவே கேட்டுடுச்சேங்கறதுதான் உங்களுக்கு ஆத்தாமையாம். நெசமாண்ணே? அப்படின்னா காது குத்து வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த வாரமே பிரபுவைக் கூட்டிக்கிட்டு வாங்க. எங்க வீட்டுக்காரரு பொம்மையும் பெட்டிக்குள்ளதான் இருக்கு. மதியானம் அவரு வயலுக்குப் போனப்புறம் நான் அவரைத் தெனமும் கீழ போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், அவருக்குத் தெரியாது. எந்தப் பக்கம் குத்தினா விழுவாருன்னு உங்களுக்குச் சொல்லித் தர்றேன்.