காமா கதிரும் காயப்போட்ட மக்காச்சோளமும்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. இந்த ஒரு வியாதியால் மாமனாரின் ஒரு போக மக்காச்சோளத்தைப் பாழாக்கியவன் நான்.

இரண்டாயிரத்து ஐந்து. கல்யாணமாகி மூன்று மாதம். (இயற்பியல் பட்டம் இருந்தது, வேலைதான் இல்லை.) குரும்பலூர்ப் பக்கத்தில் மாமனார் ஊர். தார்ரோட்டில் பாதியை அடைத்துச் சோளம் காய்ந்துகொண்டிருந்தது. மறுநாள் வியாபாரியின் லாரி வரும், ஈரமிருந்தால் தொடமாட்டார். அப்போது பார்த்து, காலம் தவறி, மேற்கே கறுத்துவிட்டது.

"அரமணி நேர வேல, மாப்ள. பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு மாமனார் தார்ப்பாய் இரவல் வாங்க ஓடினார். பாப்பாத்தி அக்கா தலைமையில், அவர் மருமகளையும் சேர்த்து, ஆறு பெண்கள் பலகையால் சோளத்தைக் குவித்தார்கள். தூரத்தில் மின்னல் வெட்டியது. ஒருவரும் நிமிரவில்லை. நானாவது சும்மா இருந்திருக்கலாம்.

"மின்னல் பெரிசில்லக்கா. இடிமேகத்துலேர்ந்து காமா கதிர் வருது. அணுகுண்டு வெடிச்சா வருமே, அந்த ஜாதி. வானத்துல சுத்தற செயற்கைக்கோளே பாத்துடுச்சு!"

பலகைகள் நின்றன. (நான் பாடம் நடத்தி ஆறு பேர் கேட்டது அதுதான் முதல் தடவை.) எங்கோ நட்சத்திரம் வெடிப்பதைத் தேடப் போன கருவி நம் மேகத்தைப் பார்த்துத் திகைத்த கதையை ஆதியிலிருந்து சொன்னேன். முடிப்பதற்குள் கறுப்பு ஏரிக்கரையைத் தாண்டிவிட்டது.

பாப்பாத்தி அக்காவின் குரல் இறங்கியது. "எம் மருமவ முழுவாம இருக்கா, தம்பி. ஒண்ணும் ஆவாதுல்ல?"

எனக்குத் தெரியாது. "சொல்றதுக்கில்லக்கா" என்றேன், பெரிய டாக்டர் மாதிரி.

அவ்வளவுதான். மருமகளை இழுத்துக்கொண்டு அவர் ஓட, மற்ற நால்வரும் பின்னாலேயே ஓடினார்கள். இடிக்குப் பயப்படாத ஜனம் என் வாய்க்குப் பயந்து போனது.

தார்ப்பாயோடு வந்த மாமனார் ஆளில்லாத ரோட்டைப் பார்த்து நின்றுவிட்டார். கூட வந்த என் மனைவி செல்வி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தக் கதிரு கீழ வருதா, மேல போவுதா?" என்றாள்.

"மேலதான். அதனாலதான செயற்கைக்கோளுக்குத் தெரியுது."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

தெருவுக்குள் ஓடினேன். "மேலதான் போவுது! மேலதான் போவுது!" ஒரு கதவும் திறக்கவில்லை. ஒரு வீட்டில் தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்புவதற்குள் மழை கொட்டியது. காற்று பிடுங்கிய தார்ப்பாயின் மேல் மாமனார் படுத்தேவிட்டார். அப்படியும் பாதிச் சோளம் வாய்க்காலோடு போனது, மீதி நனைந்தது. மறுநாள் லாரி காலியாகத் திரும்பியது, நனைந்த சோளம் முளைவிட்டது.

பாப்பாத்தி அக்காவின் பேரன் கொழுகொழுவென்று பிறந்தான். ஊரில் அவனை 'காமா' என்றால்தான் தெரியும். மேகம் கறுத்தால் இன்றும் அந்தத் தெருவில் முதலில் என்னை வீட்டுக்குள் அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை.

போன தீபாவளிக்குத் துணிந்து சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "மாமா, அந்தக் கதிர் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு நேரந்தான் இருக்குமாம்."

"நீங்க பேசுனது அரமணி நேரம், மாப்ள."