ராஜாவின் ஸ்டடி லீவு

கூழையாறு என்று ஓர் ஆறு. அதன் இரு கரையிலும் பரந்து கிடந்த நாட்டுக்கும் அதே பெயர்தான். வேறு நல்ல பெயர் வைக்க ஒரு குழு போட்டிருந்தார்கள். குழு இன்னும் கூடவில்லை. அரண்மனை, கடைவீதி, கல்லூரி, மைதானம் எல்லாம் கிழக்குக் கரையில் இருந்தன. மேற்குக் கரையில் ஜனங்கள் மட்டும் இருந்தார்கள்.

அந்த நாட்டில் வேறெங்கும் நான் கேள்விப்படாத ஒரு சட்டம் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ராஜா மைதானத்தில் உட்கார்ந்து, ஐந்து வட்டாரத்துக் குடிமக்கள் கேட்கும் ஐந்து கேள்விகளுக்கும் பதில் சொல்லித் தேற வேண்டும். அந்த ஐந்தாண்டுக்குச் செமஸ்டர் என்று பெயர். கடைசி மாதம் ராஜாவுக்கு ஸ்டடி லீவு. அந்தப் பருவத்தில் கல்லூரி மாணவர்களின் கடைசித் தேர்வும் ராஜாவின் தேர்வு நாளிலேயே நடக்க வேண்டும் என்பது சமத்துவ விதி. இப்படியொரு சட்டத்தை எழுதியது யார் என்று எனக்கு ஆவல் தாங்காமல் விசாரித்தேன். ராஜாவின் முப்பாட்டனாராம். தோற்ற ராஜாவை என்ன செய்வது என்று எழுதப்போன இடத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால், அந்தப் பக்கம் மட்டும் இன்றுவரை வெறுமையாக இருக்கிறது.

இப்போதைய ராஜா மகிழ்வர்மர் கெட்டவர் அல்ல. நாலு வருடம் பதினோரு மாதம் தாயம் ஆடினார், அவ்வளவுதான். ஸ்டடி லீவு தொடங்கிய அன்று காலை ஏடுகளைப் பிரித்தார், ஒன்றும் புரியவில்லை. தலைமை அமைச்சர் நற்கீர்த்தியாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"மாட்சிமை தங்கிய மன்னா, கல்லூரியில் செம்பா என்றொரு மாணவி இருக்கிறாளாம். செமஸ்டர் முழுக்கப் பூப்பந்து ஆடுகிறாள். கடைசியில் கொஞ்ச நாள் படிக்கிறாள். எல்லாப் பாடத்திலும் தேறிவிடுகிறாள்" என்றார் அமைச்சர்.

"ஆட்டமும் உண்டு, தேர்ச்சியும் உண்டா? எப்படி?" என்றார் ராஜா. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை. செம்பாவை அழைத்து வந்தார்கள்.

செம்பா மேற்குக் கரைக்காரி. மாசானத்தின் ஓடத்தில் ஏறித் தினமும் கல்லூரிக்கு வந்து போகிறவள். அவளுக்கும் ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. அதில் தேறினால் சொந்த ஊர்ப் பள்ளிக்கு டீச்சர் ஆகலாம். மூன்று வருடமாக டீச்சர் இல்லாத பள்ளி அது. இந்தச் செமஸ்டரோடு ஆள் வராவிட்டால் இழுத்து மூடிவிடுவதாக அரண்மனையிலிருந்து உத்தரவு வந்திருந்தது. எனவே அவள் சீக்கிரம் சொல்லிக்கொடுத்துவிட்டுத் தன் புத்தகத்துக்குத் திரும்பப் பார்த்தாள்.

"நாள் பூரா படிச்சா மண்டையில நிக்காதுங்க ராஜா. ஒரு மணி நேரம் படிங்க, அரை மணி நேரம் ஆடுங்க. பரீட்சை அன்னிக்குக் காலையில எல்லாத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. அப்புறம், பழைய கொஸ்டின் பேப்பரு இருந்தாக் கொண்டாரச் சொல்லுங்க."

மறுநாளே அரசாணை வந்தது. ராஜா படிக்கும் நேரத்தில் நாட்டில் சத்தம் கூடாது. கடைவீதியில் கூவி விற்கக் கூடாது, தறி ஓடக் கூடாது, ஓடக்காரர் துடுப்புப் போடக் கூடாது. மாணவர்கள் பக்கம் புரட்டும் ஓசையும் சத்தமே என்று துணைவிதி சொன்னதால் புத்தகங்களை மூடிவைத்தார்கள். ராஜா ஆடும் நேரத்தில் நாடே மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்று இரண்டாம் ஆணை. அந்த அரை மணி நேரம் காவலர்கள் மாணவர்களை ஆற்று மணலுக்கு ஓட்டிப்போய்ச் சிரிக்கவைத்தார்கள். பந்தடித்தால் கவனம் பந்தின்மேல் போய்விடுகிறது, முகத்தில் சிரிப்புக் குறைகிறது என்று பூப்பந்துக்குத் தடை. ஆக, மாணவர்களுக்குப் படிக்கவும் முடியவில்லை, ஆடவும் முடியவில்லை. "படிப்புக்கும் ஓய்வுக்கும் இவ்வளவு துல்லியமான சமநிலையை எந்த நாடும் கண்டதில்லை" என்று நற்கீர்த்தியார் அறிக்கை விட்டார்.

பழைய வினாத்தாள்கள் ஆவணக் கிடங்கிலிருந்து தூசியோடு வந்தன. செம்பா தரையில் பரப்பிவைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே ஆர்வம் பற்றிக்கொண்டது. ஒன்றைத் தவிர, ஒவ்வொரு தேர்விலும் அதே ஐந்து கேள்விகள். மேற்குக் கரைக்குப் பாலம் எப்போது என்பது ஒரு தாளில்கூட விடுபடவில்லை. அந்தப் பாலம் இப்போதுதான் ஒருவழியாக முடியும் தறுவாயில் இருந்தது.

"அஞ்சும் ரிப்பீட்டு கொஸ்டினுங்க. பதிலும் ஒண்ணுதான், 'ஆவன செய்யப்படும்'. இத மனப்பாடம் பண்ணாப் போதும்" என்றாள். பிறகு ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டினாள். "இந்தக் கிணத்துக் கேள்வி மட்டும் இதோட நின்னுபோச்சு, பாருங்க."

"ஏன் நின்றது?" என்றார் அமைச்சர்.

"கிணறு வெட்டிட்டாங்களே ஐயா. அப்புறம் யாரு கேப்பா?"

"அதன் இடத்தில்?"

"புதுசா ஒரு கேள்வி வந்திருக்கு. அதுக்குப் பதில் தெரியாம அப்ப இருந்த ராஜா மைதானத்துலயே மயங்கி விழுந்துட்டாராம். ஓரத்துல எழுதி வெச்சிருக்காங்க. தலை சாஞ்சத ஆமான்னு எடுத்துக்கிட்டாங்களாம்."

நற்கீர்த்தியார் அந்தத் தாளை மட்டும் மடித்து மடியில் செருகிக்கொண்டார். செம்பா தாள்களை அடுக்கிவைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். தான் என்ன சொல்லிக்கொடுத்தோம் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் ஓடத்தில் மாசானம் சொன்னார். "பாலத்துல இருந்து ஆளுகள எறக்கிட்டாங்க தாயி. இன்னும் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி. இந்த மாசம் முடிஞ்சிருக்கும். வினாப் பாதுகாப்புச் சட்டமாம். கேள்விய அழிக்கிற வேல எதுவும் நாட்டுல நடக்கப்படாதாம்."

கரை இறங்கியதும் செம்பா அரண்மனைக்கு ஓடினாள். ராஜா தாய ஆட்டத்தில் இருந்தார்.

"ராஜா, பாலத்த நிறுத்திட்டாங்களாம்!"

"நிறுத்தவில்லை, பெண்ணே. வினாவைப் பாதுகாக்கிறோம்" என்றார் அமைச்சர். "கிடைத்தற்கரிய கண்டுபிடிப்பு உன்னுடையது. கட்டி முடித்தால் வேறு கேள்வி கேட்பார்கள். அதற்கு யார் படிப்பது?"

"நீயும் மாணவிதானே, உனக்குத் தெரியாதா?" என்றார் ராஜா அன்போடு. அவள் வந்த வழியே திரும்பினாள்.

தேர்வு நாளும் வந்தது. கல்லூரியில் காலை பத்து மணிக்கு, மைதானத்தில் மாலையில். செம்பா எட்டு மணிக்கே மேற்குக் கரையில் வந்து நின்றாள். மாசானம் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராசா எல்லாத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாக்குறாராம். மத்தியானம் வரைக்கும் துடுப்பு போடக் கூடாதாம்."

"நான்தாண்ணே அப்படிப் பாக்கச் சொன்னேன்" என்றாள் செம்பா. தடை இல்லாத கல்லூரி மணி பத்து அடித்தது மேற்குக் கரை வரை கேட்டது. அவள் அழுதாள்.

மாலையில் மைதானம் நிறைந்தது. நான்கு வட்டாரத்தார் கேட்ட நான்கு கேள்விகளுக்கும் ராஜா கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். ஐந்தாவது மேற்குக் கரையின் முறை. ஓடத்தில் ஊரே ஏற முடியாதென்பதால் அவர்கள் தங்கள் கரையில் நின்றபடியே கூவிக் கேட்பது வழக்கம். "படிச்ச புள்ள, நீயே கேளு" என்று செம்பாவை முன்னே தள்ளினார்கள்.

வழக்கமான கேள்வி அவள் வாய்வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, கைகளைக் குவித்துக் கத்தினாள்:

"எங்க கரையில நின்னு பாத்தா உங்க அரண்மனை எப்படித் தெரியும்?"

"பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி!" என்று எழுந்தார் நற்கீர்த்தியார். ஆனால் ராஜா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எப்படித் தெரியும்?" என்று அவரையே திருப்பிக் கேட்டார். அமைச்சருக்கும் தெரியவில்லை. அந்தப் பக்கம் அவர்கள் யாரும் போனதில்லை.

ராஜா தோற்றார். சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தது. அமைச்சர் ஆற்றோரம் வந்து கூவினார். "பெண்ணே! உங்கள் கல்லூரியில் தோற்றவர்களை என்ன செய்வார்கள்?"

"அரியர் வெப்பாங்க!"

"அரியர் தேர்வு எப்போது?"

ஆறு மாதம் கழித்து என்பதுதான் உண்மை. ஆறு மாதத்தில் பள்ளிக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள். அரண்மனை கேட்டதற்கெல்லாம் இதுவரை உண்மையையே சொல்லி வந்தவள், இப்போது ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "மறுநாளே வெச்சிடுவாங்க!" என்றாள். பொய். ஆனால் சமத்துவ விதியின்படி, காலைத் தேர்வைத் தவறவிட்ட அவளுக்கும் அரியர் மறுநாளே என்றாயிற்று.

அரியரிலும் வரப்போகும் இந்தக் கேள்விக்கு எந்த ஏட்டிலும் பதில் இல்லை என்பதால் ராஜா படிக்க உட்காரவில்லை. அதனால் மறுநாள் காலையில் சத்தத்துக்குத் தடையும் இல்லை. மாசானத்தின் ஓடம் செம்பாவைக் கிழக்குக் கரையில் இறக்கியது. அதே ஓடத்தில் ஏற ராஜா காத்திருந்தார்.

"ஒரு வரியில் சொல்லிவிடேன்" என்றார் ரகசியமாக.

"போய்ப் பாருங்க ராஜா. பாத்தாத் தெரிஞ்சிடும்" என்றாள் செம்பா. அவள் அதை மனதார நம்பினாள்.

ராஜா மேற்குக் கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தார். வேலை நின்ற பாலத்தின் முனையில், நற்கீர்த்தியார் வைத்த படப் பலகை வானம் முட்ட நின்றது. "பாலம் தந்த பெருமகன்" என்ற எழுத்துக்கு மேல் ராஜாவின் முகம். அதற்குப் பின்னால் அரண்மனை இல்லை, கல்லூரி இல்லை, ஒன்றுமே தெரியவில்லை. மேற்குக் கரைக்காரர்கள் அவர் முகத்தையே ஆவலோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போதாவது இவருக்கு உறைக்குமா என்று அவர்களுக்கு இருந்தது. ராஜா வெகுநேரம் பார்த்துவிட்டு, கண் கலங்க ஓடம் ஏறினார்.

மாலையில் மைதானத்தில் அவர் எழுந்து நின்றார். "குடிமக்களே! அக்கரையிலிருந்து பார்த்தால் அரண்மனை இருக்கும் இடமெல்லாம் நானே தெரிகிறேன். மிக அழகாகத் தெரிகிறேன்" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கைதட்டல் கல்லூரிவரை கேட்டது. பிற்பகலில் நடந்த அரியரை எழுதி, செம்பா அப்போதுதான் தாளைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்திருந்தாள். தேறிவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும். ஊர்ப் பள்ளி பிழைத்தது. எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று காவலரிடம் விசாரித்தாள். அவர் ராஜாவின் பதிலைச் சொன்னார்.

"அது சரியான பதிலுன்னு யாரு மார்க் போட்டது?"

"மைதானத்துல இருக்கவங்கதாம்மா போடணும். முழு மார்க்கு."

"அவங்கள்ல யாராச்சும் அந்தக் கரைக்குப் போயிருக்காங்களா?"

காவலர் யோசித்துப் பார்த்தார். "எதுக்குப் போகணும்? அதான் பாலம் இல்லியே" என்றார்.