பத்தொன்பதாவது வட்டம்

சுவரில் ஒரு திமிங்கலம் கூடுதலாக இருந்தது.

பெயிண்டர் ஏணியில் நின்றபடி மறுபடியும் எண்ணிப் பார்த்தார். கூடைப்பந்து லீகின் தலைமை அலுவலக வரவேற்பறை அது. சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தங்க வட்டங்கள். வட்டத்துக்கு ஓர் அணி, அணிக்கு ஒரு சின்னம். பத்தொன்பது வட்டங்கள் இருந்தன. லீகில் இருப்பதோ பதினெட்டு அணிகள்.

"மாப்ளே, அந்தத் திமிங்கலம் எங்கேருந்து வந்தது?" என்று கீழே நின்ற மச்சான் கேட்டார். மனைவியின் அண்ணன், அந்த அலுவலகத்தின் மேனேஜர். இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

"நீங்க கொடுத்த லிஸ்ட்ல இருந்தது மச்சான்."

மச்சான் பட்டியலை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"துறைமுகத் திமிங்கலங்கள் போன வருஷமே மலைக்குக் குடி போயிட்டாங்க மாப்ளே. மலையில திமிங்கலத்துக்கு என்ன வேலைன்னு, மலை ஓநாய்கள்னு பேரையும் மாத்திக்கிட்டாங்க. ரெண்டும் ஒரே டீம். பழைய பேரை அடிக்க மறந்துட்டேன்."

பெயிண்டருக்குப் பயத்தைவிட வியப்புதான் முந்திக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகவே அப்படித்தான். எட்டே அணிகளோடு பள்ளிக்கூட மைதானங்களில் ஆரம்பித்த லீக், இன்று பதினெட்டில் வந்து நிற்கிறது. ஒரு வாடகை வீடு மாறுவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது. இவர்களானால் பந்து, பயிற்சியாளர், பன்னிரண்டு நெட்டை ஆட்கள் சகிதம் ஊரை மாற்றி, பேரை மாற்றி, அடுத்த வாரமே ஜெயிக்கவும் செய்கிறார்கள். இதையெல்லாம் எந்த மூளை யோசிக்கிறதோ என்று அவர் மலைத்துப் போயிருந்தார்.

"நின்னு வியந்தது போதும்" என்றாள் கீழே பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்த மனைவி. "பதினோரு மணிக்கு லீக் தலைவர் வர்றார். பதினெட்டு டீம் முதலாளிங்களும் வர்றாங்க."

அப்போது மணி ஒன்பதரை. சுவர் நன்றாக அமைந்தால் பதினெட்டு அரங்குகளின் தரைக்கும் கோடு போடும் வேலை அவருக்கே என்று பேச்சு. சொதப்பினால் பழையபடி குப்பை லாரிகளுக்கு நம்பர் எழுதப் போக வேண்டியதுதான். மச்சானின் மானம் வேறு கப்பலேறிவிடும்.

பெயிண்டர் துணியை டர்பன்டைனில் நனைத்துத் திமிங்கலத்தைத் துடைத்தார். திமிங்கலம் போகவில்லை. கண் மட்டும் கரைந்து கன்னத்தில் வழிந்தது.

"ஐயோ பாவம், அழுவுது" என்றாள் மனைவி.

"வெள்ளை அடிச்சிடுங்க மாப்ளே."

வெள்ளை அடித்தார். திமிங்கலம் மறைந்தது. ஆனால் சுவரின் நட்ட நடுவில் ஈரம் பளபளக்க ஒரு வெற்று வட்டம். உள்ளே நுழைகிற யாருடைய கண்ணும் நேராக அங்கேதான் போகும்.

"இதுக்குத் திமிங்கலமே தேவலை" என்றாள் மனைவி.

"அதுக்குள்ள ஏதாவது எழுதித் தொலைங்க" என்று மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார்.

என்ன எழுதுவது? பெயிண்டர் கடைகளுக்கு நிறையப் பலகை எழுதியவர். பாதி கட்டிய கடைக்கு எழுதுவதையே சிவப்பில் அழகாக எழுதினார்: விரைவில்.

பின்னால் கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது. சீக்கிரமே வந்துவிட்ட பத்திரிகை போட்டோகிராபர்.

"புது டீமா சார்? எந்த ஊரு?"

"அதெல்லாம் இப்போ சொல்றதுக்கில்லை" என்று மச்சான் அவரைக் கழற்றிவிடப் பார்த்தார்.

அது போதுமானதாக இருந்தது. கால் மணி நேரத்தில் அலுவலகத்தின் அத்தனை போன்களும் அலறின. மூன்று ஊர்களின் மேயர்கள், அணி தங்கள் ஊருக்குத்தான் என்று ஆளுக்கொரு பேட்டி கொடுத்துவிட்டார்கள். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு நான்கு நெட்டையர்கள் வாசலில் வந்து நின்று, செலக்‌ஷன் எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள். அதற்குள் முதலாளிகளும் வந்து சேர்ந்தார்கள்.

"எங்களைக் கேக்காம பத்தொன்பதாவது டீமா?" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார்.

"என் டீமைத் தூக்கிட்டுத்தானே இதைக் கொண்டு வர்றீங்க?" என்று இன்னொருவர் மச்சானின் சட்டையைப் பிடித்தார்.

பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கவில்லை. குப்பை லாரிகள் வரிசையாக அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன.

சரியாகப் பதினோரு மணிக்குத் தலைவர் உள்ளே வந்தார். சத்தம் அடங்கியது. அவர் நேராகச் சுவருக்குப் போய், வெள்ளையைக் கட்டைவிரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"எனாமலா?"

"ஆமாங்க ஐயா."

"டர்பன்டைன் போட்டா இன்னும் பரவுமே."

"பரவிடுச்சுங்க."

தலைவர் அவரை வெகுநேரம் பார்த்தார். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தலைவர் முதலாளிகள் பக்கம் திரும்பினார்.

"உங்க எல்லாரையும் வச்சுக்கிட்டு இங்கேயே சொல்லணும்னு இருந்தேன். அடுத்த சீசன்லேருந்து பத்தொன்பதாவது டீம். யாரோட டீமும் போகாது. எந்த ஊருன்னு உக்காந்து பேசுவோம்."

பிறகு கைதட்டல் கூரையைப் பிளந்தது. சட்டையைப் பிடித்த முதலாளியே மச்சானின் சட்டையை நீவிவிட்டார். தலைவர் போகிற போக்கில் ஏணியைப் பார்த்து, "அரங்குத் தரைக்கெல்லாம் கோடு நீங்களே போட்டுடுங்க. பத்தொன்பது தரை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெயிண்டர் மெல்ல இறங்கினார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "பெரிய மனுஷங்க மூளையே தனிதான். நாம திமிங்கலத்தை மறைக்கத் திண்டாடுறோம், அவர் எப்பவோ திட்டம் போட்டு வச்சிருக்கார். எட்டைப் பதினெட்டாக்கினது சும்மாவா? இதுக்கெல்லாம் ஒரு பிறவி வேணும்."

ஏணிக்கு அடியில் சிந்தியிருந்த பெயிண்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள், லீக் தொடங்கிய நாளிலிருந்து அந்த அலுவலகத்தைப் பெருக்கித் துடைப்பவள், தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"திட்டமாவது ஒண்ணாவது. எட்டு டீம் இருந்தப்போ தெரியாம ஒன்பதாவது வட்டத்தைப் போட்டுட்டு, உன்னை மாதிரியே ஏணியில நின்னு முழிச்ச பெயிண்டரே அவர்தான்."