தையல்காரரின் மறுப்பு

"உறுப்பு தானத்துக்குத் தாங்கள் தெரிவித்த மறுப்பு பதிவு செய்யப்பட்டது."

கடிதத்தை மூன்று தடவை படித்தும் தையல்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "தர்றேன்னுதானே கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்!"

"கண்ணாடி போட்டுட்டுப் போனீங்களா?" என்றாள் மனைவி.

அன்றைக்கு அது தையல் கடையில், மெஷின் மேல் கிடந்தது.

மறுநாள் உறுப்பு தான அலுவலகத்தில் வரிசையில் நின்று, கடிதத்தை அதிகாரி அம்மாளிடம் நீட்டினார்.

"இது தப்பும்மா. நாங்க இங்க குடிவர்றதுக்கு முன்னாடி, எங்க நாட்டுல என் மச்சானுக்கு ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சு. முகம் தெரியாத ஒரு புண்ணியவான் கொடுத்துட்டுப் போனதுல பிழைச்சான். இப்போ பெத்த பொண்ணைத் தோள்ல தூக்கிட்டுத் திரியறான். நானும் தரணும்மா!"

மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய குரல். கூடம் முழுக்கக் கேட்டது.

"மறுப்பை ரத்து பண்ண இன்னொரு படிவம் இருக்கு. வீட்டுக்காரம்மா சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

மனைவியை அழைத்துப் போனார். வரிசையில் நின்ற நேரம் முழுக்க, முன்னால் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் மச்சான் கதைதான். அந்தப் பேச்சு மும்முரத்தில் மனைவிக்கு அவர் எடுத்துக் கொடுத்தது வேறு படிவம். அடுத்த வாரம் இரண்டு கடிதங்கள் வந்தன. அவருடைய மறுப்பு அப்படியே இருந்தது. அவளுடையது புதிதாகப் பதிவாகியிருந்தது.

"நல்லாயிருக்கு! இப்போ குடும்பமே கஞ்சக் குடும்பம்," என்றாள் மனைவி.

மூன்றாம் தடவை போய், கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை கண்ணீரோடு.

அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா, உங்க நாட்டுல தர்றேன்னு எழுதிக் கொடுக்கணும். இங்க, வேண்டாம்னு எழுதிக் கொடுக்காத எல்லாரும் தர்றவங்கதான். நீங்க வீட்டுல சும்மா இருந்திருந்தாலே போதும்!"

இரண்டு மறுப்புகளையும் அவரே ரத்து செய்து முத்திரை குத்தினார்.

தையல்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். மூன்று நாள் கடையை மூடியதற்குப் பலன், கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்ததுதான்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டார். "நாளைக்கும் வருவீங்களாண்ணே?"

"இனி இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்! என்னால யாருக்கு என்ன பிரயோஜனம்?"

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே. இது வேண்டாம்னு எழுதிக் கொடுக்கறவங்க வரிசை. உங்க மச்சான் கதையைக் கேட்டுட்டு இதுவரைக்கும் பதினோரு பேர் படிவத்தைக் கசக்கிப் போட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிட்டாங்க!"