மெக்சிகோ மாமா போட்ட மாலை

போன நவம்பரில் ஒரு நாள், மாலை நாலு இருபதுக்கு, என் மகள் செத்துப்போனாள். சாகடித்தவர் எங்கள் கீழ்வீட்டு மெக்சிகோ மாமா. உயிரோடு இருப்பவர்களை இரண்டு முழம் பூவால் சாகடிக்கத் தெரிந்தவர் யாங்கோனில் அவர் ஒருவர்தான். இதை எழுதும்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் லத்தா பேட்டையில் யாருக்கும் தெரியாது. கப்பலில் சமையல்காரராக இருந்தவர். ஏதோ வழக்கில் கப்பலை மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்தில் பிடித்து வைக்க, எட்டு மாதம் அங்கே கிடந்திருக்கிறார். ஆள் திரும்பி வந்தார். புத்தி அங்கேயே தங்கிவிட்டது.

மிளகாய் மெக்சிகோவிலிருந்து வந்ததாம். தக்காளியும் அங்கிருந்துதானாம். வரட்டும், யார் வேண்டாமென்றது? அதற்காகக் கல்யாணப் பந்தியில் ரசத்தைக் கையில் வாங்கி, "இதுல நம்மளுது என்னா இருக்கு? மிளகும் தண்ணியும்தான்" என்று மாப்பிள்ளையின் அப்பாவிடமா சொல்வார் ஒரு மனிதர்?

பிறகு மாடிப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழிருந்து மேல்வரை பல்லை இளிக்கும் மண்டை ஓடுகளாக வரைந்து தள்ளினார். ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்குக் கூந்தலில் பூ. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒரே ஒரு தடவை பார்த்தார், படியேற மறுத்துவிட்டார். அன்று முதல் நாலாம் மாடிக்குக் கேனைத் தூக்குவது நான். கேட்டால், அங்கே சர்க்கரையில் மண்டை ஓடு செய்து பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுப்பார்களாம். "செத்தவங்க நம்ம ஆளுங்கதானே, சயாமா" என்கிறார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தருவதால் தெருவுக்கே நான் சயாமா.

அன்று என் மகள் செல்வி தோழிகளோடு கியாக்தான் போயிருந்தாள். ஆற்று நடுவே, படகில் போய்ச் சேர வேண்டிய புத்தர் கோயில் அது. இரண்டு மணிக்குத் திரும்ப வேண்டியவள் நாலாகியும் வரவில்லை. போன் போகவில்லை, கரண்டும் இல்லை. பெற்றவள் மனம் எங்கே போகும்? ஆற்றுக்குள்தான் போயிற்று. பஸ் நிறுத்தத்திலாவது நிற்கலாம் என்று இறங்கினேன்.

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுக்கிய பெட்டிகள்மேல் மெழுகுவர்த்தி, ரொட்டி, ஒரு தம்ளர் தண்ணீர். மேலே பூப்பூவாய் வெட்டிய காகிதத் தோரணம். நடுவில் என் செல்வியின் படம். அதற்குச் செண்டுமல்லி மாலை.

படத்துக்கு மாலை போட்டால் நம் சனத்துக்கு ஒரே பொருள்தான். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மெக்சிகோ மாமா பத்தியும் கையுமாக வந்தார்.

"அழுவாதீங்க சயாமா. இந்தப் பூ வாசனையப் புடிச்சுக்கிட்டே எல்லாரும் வந்துருவாங்க."

"யாரு வருவாங்க?"

"செத்தவங்கதான்."

அடுத்து என் வாயில் வந்தவை பத்திரிகையில் அச்சேறாது. எதிர்வீட்டுப் பால்கனிகள் நிரம்பிவிட்டன. அவர் படத்தின் முன்னாலிருந்த தம்ளரை எடுத்து என்னிடம் நீட்டினார். செத்தவர்களுக்கு வைத்த தண்ணீர். தொண்டை வறண்டிருந்ததால், வெட்கக்கேடு, குடித்தும் விட்டேன்.

அப்போது வாசலில் வந்து நின்றாள் செல்வி. செருப்பெல்லாம் சேறு. வழியில் பஸ் டயர் வெடித்ததாம். கட்டிப்பிடித்தேன், கட்டிப்பிடித்த கையாலேயே முதுகில் ஒன்று வைத்தேன். அவள் உள்ளே பார்த்தாள், விஷயம் புரிந்தது, போய் மாலையை ஒதுக்கினாள். படத்தில் அவள் மடியில் பியூ உட்கார்ந்திருந்தது. போன மாதம் செத்த எங்கள் தெரு வெள்ளை நாய். மெக்சிகோவில் வருஷத்துக்கு ஒரு தடவை, அந்த நாளில், செத்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்களாம்; பியூவுக்குத் தனியாகப் படம் இல்லையென்று காலையில் இவளேதான் அதைக் கொடுத்திருக்கிறாள்.

நாய்க்கு மாலையா, நாய்க்கு ரொட்டியா, என் உயிர் போய்விட்டு வந்ததே என்று நான் மறுபடி தொடங்கினேன். செல்வி பக்கத்திலிருந்த மற்ற இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று, வெராகுரூசில் அவருக்குக் காசு வாங்காமல் சோறு போட்ட கடைக்காரம்மாள். இன்னொன்று, கடலோடு போன கப்பல் சிநேகிதர். அவ்வளவுதான். அந்த மனிதர் மாலை போட வேறு சொந்தம் கிடையாது.

நான் விடவில்லை. செல்வி என் கையைப் பிடித்தாள்.

"மெதுவா பேசும்மா. பியூ வர்ற நேரம். உன் சத்தம் கேட்டா வாசல்லயே நின்னுடும்."

அதற்குப் பிறகும் மெக்சிகோ மாமாவை அரைமணி நேரம் திட்டினேன். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான்.