குத்தாத காதுக்கு ஒரு சிக்ஸர்

ஏழாயிரம்பண்ணை,
ஆவணி இரண்டாம் வெள்ளிக்கு மறுநாள்.

சிரஞ்சீவி மாரிக்கண்ணனுக்கு, அப்பா சீனிவாசகம் ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் மருமகள் சினேகாவும் அந்தக் குளிர் தேசத்தில் சுகமாக இருக்க இருக்கன்குடி மாரியம்மன் துணை நிற்பாள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது முறை என்பதால் எழுதிவிட்டேன். உண்மையில் நலமாக இருப்பது உன் மருமகன் எழில் ஒருவன்தான். நேற்று அவனுக்குக் காது குத்தவில்லை அல்லவா, அதனால் நலமாக இருக்கிறான்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் பாதியில் "அப்பா, பேட்டிங் வந்துருச்சு, வைக்கட்டுமா?" என்பாய். கடிதத்தை யாரும் பாதியில் வைக்கச் சொல்ல முடியாது. ஆகவே, கையில் இருக்கும் மட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, உட்கார்ந்து முழுவதையும் வாசி.

சிவகாசியில் ஆப்செட் மிஷினில் பட்டாசு லேபிள் அடித்துக்கொண்டிருந்த நீ, எஸ்தோனியாவில் மருந்து லேபிள் அடிக்கப் போகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவன் நான். ஓய்வு பெறும் வரை எஸ்தோனியாவைப் பற்றி ஒரு மார்க் கேள்விகூடக் கேட்டதில்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் பாஸாகித்தான் இருக்கிறார்கள். நீ போன பிறகுதான் அட்லஸை எடுத்து அது எங்கே இருக்கிறது என்று உன் அம்மாவுக்குக் காட்டினேன். "என்னங்க, கடலுக்குள்ள விழுந்துருவான் போல ஓரத்துல இருக்கே" என்றாள். விழவில்லை. அங்கே மூன்று வருடம் குடியிருந்து, அந்த நாட்டு அணியில் சேர்ந்து, சர்வதேச ஆட்டக்காரன் ஆகிவிட்டாய். எனக்குப் பெருமைதான். ஆனால் டீக்கடைக்காரர் "சார், பையன் நாட்டுக்கு ஆடுறானாமே, எம்புட்டு குடுக்காக?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? "அவுக குடுக்க மாட்டாக, இவன்தான் கைக்காசு போட்டுப் போகணும்" என்றேன். "அப்ப இது கிரிக்கெட் இல்ல சார், பாதயாத்திரை" என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஆற்றப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. உதாரணத்துக்கு, உன் அணியையே எடுத்துக்கொள். கேப்டன் பல் வைத்தியர். முதல் ஓவர் போடுகிறவர் பஸ் டிரைவர். கீப்பர் ஒரு தடவை ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று பதினாலாவது ஓவரில் கையுறையைக் கழற்றி உன்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார் என்று நீயே சொல்லிச் சிரித்தாய். கம்பெனி கொடுக்கிற லீவு முழுவதையும் கிரிக்கெட்டுக்கே கொடுத்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எங்களுக்கு வீடியோவில் கை ஆட்டுகிறாய். சரி, மருமகளிடம் சொன்னால் கண்டிப்பாள் என்று சினேகாவைக் கூப்பிட்டேன். "மாமா, ஒரு நிமிசம், ஓவர் முடியட்டும்" என்கிறாள். அவள்தான் ஸ்கோர் எழுதுகிறவளாம்! வேலி பயிரை மேய்ந்தால் புகார் சொல்லலாம். வேலி உட்கார்ந்து ஸ்கோர் எழுதினால் எங்கே போய்ச் சொல்வது?

இதெல்லாம் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வோம். எழில் என்ன பாவம் செய்தான்? மொட்டை போடவும் காது குத்தவும் தாய்மாமன் மடி வேண்டும். உன் தங்கை ரோஜாவுக்கு நீ ஒரே அண்ணன். முதலில் ஒரு தேதி வைத்தோம், மால்டாவில் போட்டி என்றாய். மறுபடி ஒரு தேதி வைத்தோம், லீவு தீர்ந்துவிட்டது என்றாய். அதற்குள் பிள்ளைக்கு முடி இடுப்பைத் தொட்டு, ரிப்பன் வைத்துப் பின்னி, எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போன இடத்தில் "பாப்பா பேரு என்ன?" என்று கேட்டார்கள். அவன் "பாப்பா இல்ல, எழில்!" என்று கத்தினான். இந்தத் தடவை ஆவணி என்றாய், டிக்கெட் போட்டுவிட்டேன் என்றாய். சீசன் நேரம். தீபாவளி ஆர்டருக்கு எல்லாக் கம்பெனியும் ராப்பகலாக ஓடுகிறது. போர்மேனாக இருக்கிற மாப்பிள்ளை முனியராஜுக்கு ஒரு நாள் லீவு கிடைக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில், நீ கிளம்புவதற்கு முன்தினம் உன்னிடமிருந்து செய்தி வருகிறது: பஸ் டிரைவருக்கு லீவு இல்லையாம், நீயும் வந்துவிட்டால் அணியில் பத்துப் பேர்தானாம். நான் கேட்கிறேன், ஒரு பந்தியில் ஓர் ஆள் குறைந்தால் மற்றவர்கள் சாப்பிடுவதில்லையா? தாய்மாமன் இல்லாத காதுகுத்தில் எத்தனை பேர் இருந்தால்தான் என்ன?

சரி, நடந்ததைக் கேள். நீ அந்தப் பக்கம் பார்த்தது கொஞ்சம்தான்.

காலையில் இருக்கன்குடியில் மொட்டை நல்லபடியாக முடிந்தது. உனக்குப் பதிலாக உன் பெரியப்பா மகன் ஊர்க்காவலன் மடி கொடுத்தான். ராகு காலம் கழித்து, பன்னிரண்டே காலுக்கு மேல் ஒன்றே காலுக்குள் காது குத்த நேரம். மண்டபத்தில் ஊர்க்காவலன் மடியில் எழில். நிஜத் தாய்மாமன் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று உன் கூட்டாளி சம்சு விருதுநகர்க் கடையிலிருந்து பெரிய டி.வி. ஒன்றைத் தூக்கி வந்து உன் போனோடு சேர்த்துவிட்டான். நீ காலில் பேடு கட்டிக்கொண்டு வந்து நின்றாய். "பெரியம்மா, சித்தப்பா, எல்லாரும் சாப்பிட்டீகளா?" என்று கேட்டாய். காது குத்தும் முன்பே இலை போட வைக்கப் போகிறவன் கேட்ட கேள்வி! ஆசாரி சந்தனக் கிண்ணமும் தங்கக் கம்பியும் எடுத்து வைத்து, பிள்ளையின் காதில் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அங்கே ஒருவன் அவுட். "அப்பா, ரெண்டே ஓவர், வந்துருறேன்" என்று போனைச் சினேகாவிடம் கொடுத்துவிட்டு நீ உள்ளே போய்விட்டாய். அவள் போனை ஸ்கோர் மேசையில் மைதானத்தைப் பார்க்கச் சாத்திவைத்துவிட்டாள். இங்கே மண்டபம் முழுக்க மைதானம் தெரிகிறது.

"குத்துங்க ஆசாரி" என்றேன். "இருங்க சார், தம்பி ஒரு பந்து ஆடட்டும்" என்கிறார். தங்கக் கம்பியைப் பிடித்த கை காதுப் பக்கம், கண் டி.வி. பக்கம். இந்த லட்சணத்தில் குத்தினால் காதில் குத்துவாரா மூக்கில் குத்துவாரா? நானே தடுத்துவிட்டேன்.

இங்கே நம் பக்கத்து ஏற்பாடு ஒன்றை உனக்கு நினைவுபடுத்த வேண்டும். மண்டபத்துக்குள் வெடி வைக்கக் கூடாது என்று, மாப்பிள்ளையின் தம்பி காளிராஜ் ஆற்றுப் பொட்டலில் அறுபது ஷாட் பெட்டியோடு நிற்கிறான். காது குத்தியதும் பெண்கள் குலவை போடுவார்கள். குலவை கேட்டதும் காளிராஜ் திரியைப் பற்ற வைப்பான். வெடிச் சத்தம் கேட்டதும் சமையல்காரர் இலை போடுவார். ஒன்றைப் பார்த்து ஒன்று. இதில் எங்கேயும் சிக்ஸர் கிடையாது.

நீ அடித்தாய். நன்றாகத்தான் அடித்தாய், இல்லை என்று சொல்லவில்லை. பந்து மரங்களுக்கு மேலே போய்க் காணாமல் போனது. உன் அம்மா குருவம்மாள், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் முன்னால் சத்தமாகத் தும்மிக்கூட அறியாதவள், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போட்டாளே ஒரு குலவை! கூட இருந்த பெண்கள் சும்மா இருப்பார்களா? மண்டபமே குலவை.

பொட்டலில் முதல் ஷாட் கிளம்பியது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு "நிறுத்துலே, நிறுத்து!" என்று ஓடினேன். காளிராஜ் நான் வருவதைப் பார்த்துவிட்டு இன்னும் தூரமாக ஓடுகிறான். பிடித்து நிறுத்திக் கேட்டால், "மாமா, திரி பத்துனா திரும்பிப் பாக்காம ஓடணும், அதுதான் எங்க கம்பெனி ரூல்சு. நீங்களும் ஓடுங்க" என்கிறான். அறுபதையும் நின்று எண்ணிக் கேட்டோம். வேறு வழி?

திரும்பி வந்தால் மண்டபம் ஏறக்குறைய காலி. வெடி கேட்டதும் சமையல்காரர் இலை போட்டுவிட்டார். இலை போட்டதைப் பார்த்ததும் நம் சொந்தபந்தம் பந்திக்கு ஓடிவிட்டது. போகிற வழியில் மொய்யும் எழுதிவிட்டார்கள். குத்தாத காதுக்கு மொய் வாங்கிய முதல் குடும்பம் நம்முடையதுதான். உள்ளே, பந்திக்கு எழுந்துகொண்டிருந்த ஊர்க்காவலனுக்குப் பக்கத்தில் எழில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, உன்னைப் போலவே காலை அகற்றி நின்று, ஒரு கரண்டியால் ஆசாரியின் சந்தனக் கிண்ணத்தை ஒரே வீச்சு. கிண்ணம் ஒரு பக்கம், தங்கக் கம்பி ஒரு பக்கம். ஆசாரியும் நானும் மாப்பிள்ளையும் ஜமுக்காளத்தை உதறி உதறித் தேடினோம். நல்ல நேரம் போய்விட்டது. கம்பி கடைசியில் பந்தியில் கிடைத்தது. ஊர்க்காவலன் வேட்டி மடிப்பில் இருந்திருக்கிறது, உட்கார்ந்ததும் தெரிந்துகொண்டான். நேற்று குத்துப்பட்ட ஒரே ஆள் அவன்தான்.

இவ்வளவுக்கும் காரணமான நீ, அடுத்த பந்திலேயே போல்டு.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் கொஞ்சம் சிரித்திருப்பேன். ரோஜா சிரிக்கவில்லை. அணைத்து வைத்த டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து, "எனக்கு இருக்கது ஒரே அண்ணன். அந்த மடியும் வேற நாட்டுக்கு ஆடப் போயிருச்சு" என்றாள். பிறகு அழுதாள். மாப்பிள்ளை, "அழாத புள்ள, மச்சான் வருவாரு" என்றார். எந்த நம்பிக்கையில் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று தடவை சொல்லி ஏமாந்தவர் அவர்.

ஆகவே மாரிக்கண்ணா, அப்பா தீர்மானமாக எழுதுகிறேன். ஒன்று, தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்திருக்கும் கார்த்திகை முதல் வெள்ளி காது குத்து. நீ நேரில் வர வேண்டும். வீடியோ, டி.வி., சம்சு, எதுவும் கிடையாது. இன்னொன்று, பல் வைத்தியரிடம் இன்றைக்கே ராஜினாமா கொடு. ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு மாட்டை இரண்டு வண்டிக்குப் பூட்ட முடியுமா? நீ மூன்று வண்டிக்குப் பூட்டிக்கொண்டிருக்கிறாய்: கம்பெனி, குடும்பம், எஸ்தோனியா. முதல் இரண்டும் உன்னைச் சுமக்கும். மூன்றாவதை நீதான் சுமக்க வேண்டும். இதற்கு மேல் எழுதினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்று உன் அம்மா சொல்கிறாள். அவள் ஒரு குலவையில் ஏற்றியதைவிட இது குறைவுதான்.

ஷிஃப்டு முடிந்து வந்ததும் சூடாக ஏதாவது சாப்பிடு. குளிரில் காதை மூடிக்கொள். உன் காதாவது குத்தப்பட்ட காது. சினேகாவுக்கு எங்கள் ஆசி. இருவரும் குறைவில்லாமல் வாழ மாரியம்மன் அருள் உண்டு.

கோபமும் அன்பும் மாறாத அப்பா,
சீனிவாசகம்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன் ரோஜாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏப்பா, கார்த்திகை முதல் வெள்ளி வேணாம். அந்த வாரம் அண்ணனுக்கு ஸ்பெயின்ல தகுதிச் சுற்று. நேத்தே தேதி போட்டுட்டாக. நான் ஆசாரிகிட்டச் சொல்லி அடுத்த வெள்ளிக்கு மாத்திட்டேன்" என்கிறாள்! "அடி பாவி, நேத்து அழுதது யாரு?" என்றேன். "அழுதது அழுததுதான். அதுக்காக அண்ணன் ஆளுகளப் பத்துப் பேரா நின்னு ஆடச் சொல்றீகளா?" என்கிறாள். ஆகவே ராஜினாமாவைப் பற்றி மேலே எழுதியதை வாசிக்காமல் தாண்டிவிடு. வாசித்துவிட்டாயானால் மறந்துவிடு. ஸ்பெயினிலிருந்து நேரே மதுரைக்கு விமானம் மாறி வந்துவிடு, எழிலுக்கு உன் மடிதான். நிற்க. சிக்ஸர் அடித்த பந்து எங்கே விழுந்தது என்று அடுத்த பந்து வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தாய், அதனால்தான் போல்டு. சம்சு எனக்கு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான். தலையைக் கீழே வை. மாப்பிள்ளை அறுபது ஷாட் பெட்டி இரண்டு எடுத்து வைத்திருக்கிறார். ஒன்று ஸ்பெயினுக்கு, ஒன்று காதுக்கு. எந்தக் குலவைக்கு எந்தப் பெட்டி என்று காளிராஜுக்கு நானே பாடம் எடுக்கிறேன்.